கல் மேலே இருக்கும்போது அவள் பேசுவதில்லை

மருத்துவமனை இரண்டாம் மாடி, பெண்கள் எலும்பு முறிவுப் பிரிவின் வராந்தாவில் வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என்னைச் சம்மட்டி என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரையும் தகப்பனார் பெயரையும் காவல்துறை அதிகாரி தனித்தாளில் குறித்துக்கொண்டார். வயது நாற்பத்து நான்கு. மாவு மில்லுக்கு மேல்மாடியில் மனைவியோடு குடியிருந்து வருகிறேன். லேத் பட்டறையில் கடைசல் வேலை. பள்ளிக்கூடங்கள் கூப்பிடும் நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு, என் மனைவி நடத்தும் அறிவியல் நிகழ்ச்சியில் அவளுக்கு உதவியாளாகப் போவேன். மனைவியின் அண்ணன் என் மேல் கொடுத்த கொலை முயற்சிப் புகார் சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

என் மனைவி இயற்பியல் படித்தவள். முன்பு ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். வகுப்பில் உருட்டிக் காட்டச் சிறு வண்டிகள் செய்து தரச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வந்தாள். நான் செய்து கொடுத்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேலையை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. அதன் பிறகு நாங்கள் திருமணம் செய்துகொண்டோம். பிள்ளைகள் விதிகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், ஓடுகிற பேருந்தில் இருந்து இறங்கி விழுந்து வருகிறார்கள் என்று சொல்லி அவள் வேலையை விட்டாள். அதில் அவள் அண்ணனுக்கு என் மேல் வருத்தம். பெற்றோர் இல்லாத தங்கையைப் படிக்க வைத்தவர் அவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகிறார்.

நிகழ்ச்சியில் அவள் தண்ணீர் டம்ளர்களுக்கு அடியிலிருந்து விரிப்பை வெடுக்கென்று உருவுவாள். டம்ளர்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். இருவரும் சக்கர நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் என்னைத் தள்ளுவாள். நான் கொஞ்சம் போவேன், அவள் மேடையின் ஓரம் வரை போவாள். "யார் தள்ளினது, யார் அதிகமாப் போறது, பார்த்தீங்களா?" என்று கேட்பாள். கடைசி நிகழ்ச்சிதான் கல். அவள் பலகையில் மல்லாந்து படுப்பாள். நெஞ்சின் மேல் அறுபது கிலோ கருங்கல் பலகையை வைப்பார்கள். நான் நான்கு கிலோ சம்மட்டியால் அதன் நடுவில் அடிப்பேன். அவள் எழுந்து வந்து, மேலே ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று விளக்குவாள்.

முதன்முதலில் இதை ஆரம்பித்தபோது, நான் படுக்கிறேன், நீ அடி என்று சொன்னேன். அவள், "நீங்க படுத்தா, ஆள் முரடு, தாங்கிட்டான்னு பிள்ளைங்க நினைக்கும். நான் படுத்தாத்தான் காப்பாத்துறது கல்லுன்னு தெரியும்" என்றாள். நான் சம்மட்டியைக் கையில் எடுத்தேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முந்தின நாளிலிருந்தே எனக்குச் சாப்பாடு இறங்காது. அவள் நன்றாகத் தூங்குவாள்.

கல் எப்படிக் காப்பாற்றுகிறது என்று அதிகாரி கேட்டதற்கு, அவள் பிள்ளைகளுக்குச் சொல்வதையே சொல்கிறேன். "பெரிய கல்லு சரியான சோம்பேறி. சம்மட்டி வந்து எழுப்பினாலும் சட்டுனு எழுந்திருக்காது. அது லேசா அசையறதுக்குள்ள அடி தீர்ந்துடும். சின்னக் கல்லு சுறுசுறுப்பு. அடி பட்டதும் ஓடும். அது ஓடுறதுக்கு இருக்கிற ஒரே இடம் என் நெஞ்சு." இந்தச் சோம்பலுக்குப் புத்தகத்தில் நிலைமம் என்று பெயர். கல்லின் நிறைதான் அவளைக் காப்பாற்றுகிறது.

சம்பவத்தன்று அந்தப் பள்ளியின் அரங்கத்துக்கு மதியம் சாமான்களோடு போய்ச் சேர்ந்தோம். கல்லைக் கறுப்புத் துணியில் சுற்றி மேடையின் பின்னால் வைத்தோம். அப்போது துணைத் தலைமையாசிரியை வந்து துணியை விலக்கிப் பார்த்து, "இவ்வளவு பெரிசையா அம்மா மேல வைப்பீங்க?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. துணியை மூடிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் சாப்பிடப் போனோம்.

அன்று மச்சானையும் என் மனைவி வற்புறுத்தி வரவழைத்திருந்தாள். அதுவரை அவர் எங்கள் நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை. முன்வரிசையில், சட்டைப் பையில் பேனாவோடு, தேர்வு நடத்துகிறவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொங்கவிட்ட போர்வையின் மேல் முட்டையை ஓங்கி எறிய ஆள் கேட்டபோது, அவள் அவரையே மேடைக்குக் கூப்பிட்டாள். அவர் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து எறிந்தார். முட்டை உடையாமல் போர்வை மடிப்பில் வழுக்கி விழுந்தது. "சுவர் ஒரே நொடியில நிறுத்தும், அதனால உடைக்கும். போர்வை மெதுவா நிறுத்தும், அதனால காப்பாத்தும்" என்று அவள் சொன்னாள். அவர் மைக்கை வாங்கி, "அதுக்குத்தான் சீட் பெல்ட் போடச் சொல்றேன், எவன் கேக்குறான்?" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தன் அண்ணன் சிரிப்பதை என் மனைவி மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு கல் நிகழ்ச்சி. அவள் போய்ப் படுத்தாள். சம்மட்டி உண்மையானது என்று காட்ட நான் மேடையின் முன்பக்கம் வந்து ஒரு செங்கல்லை உடைப்பது வழக்கம். அந்த நேரத்தில் பள்ளியைச் சேர்ந்த நான்கு பேர் பின்னால் கல்லைத் தூக்கி அவள் மேல் வைப்பார்கள். அன்றும் அப்படியே நடந்தது. என் முதுகு அவர்கள் பக்கம் இருந்தது. நான் திரும்பியபோது அதே கறுப்புத் துணி, அதே நீளம், அதே அகலம், நடுவில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி. என் பார்வை எப்போதும் போலக் குறியில் மட்டும் இருந்தது. பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று கத்த ஆரம்பித்தார்கள். மூன்று என்றதும் சம்மட்டியை ஓங்கி இறக்கினேன்.

அவள் முதலிலேயே கத்தியிருக்கிறாள்; பிள்ளைகளின் சத்தத்தைத் தாண்டி எனக்கு அப்போதுதான் அவள் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்பது அந்தக் கூச்சலில் எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. அறுபது கிலோ நெஞ்சை அழுத்தும்போது மூச்சை அளந்து அளந்துதான் விட முடியும், பேச முடியாது. இத்தனை ஆண்டுகளில் கல் மேலே இருக்கும்போது அவள் பேசி நான் கேட்டதில்லை. குரல் வந்தது என்றால் மேலே இருப்பது எங்கள் கல் இல்லை.

அதற்குள் சம்மட்டி என் தலையைத் தாண்டிக் கீழே வந்துகொண்டிருந்தது. கையில்தானே இருந்தது, நிறுத்தியிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். கையில் இருந்தாலும் அந்த நேரத்தில் அது என் பேச்சைக் கேட்காது. வேகமெடுத்த இரும்பை நிறுத்துவதற்குப் பலமும் வேண்டும், நேரமும் வேண்டும். நேரம் இல்லை. ஆனால், உருண்டு ஓடும் இரும்புக் குண்டைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் அது நிற்காவிட்டாலும் திசை மாறும் என்று அவள் மேடையில் உருட்டிக் காட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதை நினைத்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். நினைக்கவில்லை. வலது முழங்காலை மடித்து அப்படியே விழுந்து, கைப்பிடியை என் பக்கமாக இழுத்தேன். சம்மட்டி கல்லின் வெளிவிளிம்பை உடைத்துக்கொண்டு மேடைப் பலகையில் இறங்கிப் பலகையைப் பிளந்தது. மீதிக் கல் துள்ளி அவளுடைய இடது விலாவில் விழுந்தது. இரண்டு எலும்புகளில் விரிசல் என்று டாக்டர் சொன்னார். குறியில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் எக்ஸ்ரே படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

துணியை விலக்கியபோது உள்ளே மாடிப்படிக்கு ஒட்டி மிஞ்சிய மெல்லிய சலவைக்கல் இருந்தது. துணைத் தலைமையாசிரியை அழுதுகொண்டே மேடைக்கு ஓடிவந்து, "நான்தான் மாத்தச் சொன்னேன். பாவம், அம்மா கஷ்டப்படக் கூடாதுன்னு லேசானதா வைக்கச் சொன்னேன். சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு சொல்லல" என்றார். என் மனைவியால் மூச்சு இழுக்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசினாள். "அழாதீங்க. பாதிப் பேர் இப்படித்தான் நினைப்பாங்க. அதுக்குத்தான் இந்த நிகழ்ச்சியே." அதன் பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளைங்களை அனுப்பிடாதீங்க. லேசான கல்லு ஏன் அடிச்சுதுன்னு சொல்லிட்டு அனுப்புங்க. பாதிக் கதையோட வீட்டுக்குப் போனா வீட்டுல போய் அடிச்சுப் பார்ப்பாங்க" என்றாள்.

நான் மேடையில் பேசியதே கிடையாது. எழுந்து நின்று வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் மேடையேறி என் சட்டைக் காலரைப் பிடித்து, "கல்லை மாத்தி வச்சுக் கொல்லப் பார்க்குறியாடா?" என்று உலுக்கினார். துணைத் தலைமையாசிரியை சொன்னது அவர் காதில் விழவில்லை. கல் மாறிவிட்டது என்று தங்கை கத்தியது மட்டும் முன்வரிசையில் இருந்தவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் உலுக்குவதோடு விட்டிருக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு விளக்கியது கடைசியில் துணைத் தலைமையாசிரியைதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஸ்ட்ரெச்சரில் போகும்போதே என் மனைவி அவரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்று காலை மச்சான் என் மனைவியின் அறைக்கு வந்தார். இதை எழுதும் அதிகாரியும் அப்போது வாசலில் நின்றிருந்தார். துணைத் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டதைச் சொன்ன பிறகும் மச்சான், "கல்லை யாரோ மாத்தினாங்க, சரி. இவ கத்தினது காதுல விழுந்ததுல்ல? ஏன் நிறுத்தல?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார். அவள், "அண்ணே, நீ பிரேக்கை மிதிச்சா வண்டி மிதிச்ச இடத்துலயே நின்னுடுமா?" என்றாள். அவர், "அது வண்டி, பாப்பா. டன் கணக்கு" என்றார்.

அதன் பிறகு அவள் கீழே கேன்டீனிலிருந்து இருபது கிலோ எடைக்கல்லும், தச்சரிடமிருந்து ஒரு சுத்தியலும் கொண்டுவரச் சொன்னாள். நர்ஸ் வந்து, "கை உடைஞ்சவங்க இங்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்காங்கம்மா" என்றார். என் மனைவி சிரித்து, விலா வலித்து, தலையணையைக் கட்டிக்கொண்டாள். பிறகு அண்ணனின் வலது கையை மேசையில் மடித்த துண்டின் மேல் வைக்கச் சொல்லி, அதன் மேல் எடைக்கல்லை வைக்கச் சொன்னாள். சுத்தியலை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

என்னால் முடியாது என்றேன். சுத்தியலை மேசையிலேயே வைத்துவிட்டேன். அவள், "இப்ப நீங்க அடிக்கலைன்னா, ஆயுசுக்கும் அண்ணன் உங்களைப் பார்த்துப் பயப்படுவார். நீங்க என்னைப் பார்த்துப் பயப்படுவீங்க. அடிங்க" என்றாள். மச்சான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். வண்டி ஓட்டும் கை அது. கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார். நான் ஓங்கி அடித்தேன். வராந்தாக் கோடி வரை கேட்டது. இரண்டு நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

மச்சான் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவை அடிங்க, மாப்பிள்ளை" என்றார். அடித்தேன். அதன் பிறகு என் மனைவி எடைக்கல்லை எடுக்கச் சொல்லி, மெல்லிய பலகை ஒன்றை அவர் கைமேல் வைக்கச் சொன்னாள். அவர் சட்டென்று கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "வேண்டாம்மா, புரிஞ்சுபோச்சு" என்றார். புகாரைத் திரும்பப் பெறுவதாக வாசலில் இருந்த அதிகாரியிடம் அவரே போய்ச் சொன்னார்.

துணைத் தலைமையாசிரியை மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்பது என் மனைவியின் விருப்பம், எனக்கும் அதுவே.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். அறைக் கதவு திறந்திருந்ததால் என் மனைவிக்கும் கேட்டது. 'கல்லின் எடைதான் அவளைக் காப்பாற்றுகிறது' என்று வாசித்த இடத்தில் அவள் உள்ளேயிருந்து, "எடைன்னா எழுதியிருக்கு? அதை அடிச்சிட்டு நிறைன்னு போடச் சொல்லுங்க" என்றாள். இரண்டும் ஒன்றுதானே என்று அதிகாரி கேட்டார். "எடை என்னை அமுக்குறது, சார். நிறை என்னைக் காப்பாத்துறது. நிலாவுல போய்ப் படுத்தா எடை ஆறுல ஒரு பங்காயிடும். ஆனா அங்க இவர் இதே வேகத்துல அடிச்சாலும் இதே கல்லு என்னைக் காப்பாத்தும்" என்றாள். அதிகாரி அடித்துத் திருத்தினார்.

இது தவிர வேறு அடித்தல் திருத்தம் இல்லை. யாருடைய மிரட்டலுக்கோ வற்புறுத்தலுக்கோ ஆட்பட்டு நான் எதையும் சொல்லவில்லை. கண்டதையும் செய்ததையுமே சொல்லியிருக்கிறேன், அத்தனையும் உண்மை. திருத்திய இடத்துக்கு அருகில் நானும் அதிகாரியும் சுருக்கொப்பம் இட்டோம். திருத்தச் சொன்னவளும் இட வேண்டும் என்று கேட்டதால், தாளை உள்ளே எடுத்துப்போய் அவளிடமும் வாங்கப்பட்டது.

(ஒப்பம்)
சம்மட்டி