பீரோக் கண்ணாடியில் ஒரு பொட்டு

"என் ஸ்டிக்கர் பொட்ட வச்சு ஒரு பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கிருச்சுடி."

திருப்பரங்குன்றம் போகும் பேருந்தில் முன் இருக்கை அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார். ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், அந்த நெரிசலில் காதை எங்கே கொண்டு வைப்பது?

"பொட்ட வச்சா? என்னக்கா சொல்றீக?"

"எங்க மாமனாரு பெரிய எழுத்தாளருல்ல? அவரு போனதும் புத்தகத்தையெல்லாம் யுனிவர்சிட்டி லைப்ரரிக்குக் குடுத்தோம். எங்க வீட்டுக்காரரு என் சீர் பீரோவையும் சேத்துத் தூக்கிக் குடுத்துட்டாரு. இப்ப மாமனாரு பேருல தனி ரூமே இருக்கு. பீரோக் கண்ணாடியில நான் ஒட்டுன செவப்புப் பொட்டு அப்படியே இருக்கு. செத்த பொண்டாட்டி நெனப்பா அவரு பத்திரமா வச்சிருந்தாராம். அந்தப் பொண்ணு எழுதியிருக்கு."

"உங்க மாமியாரு காலம்பூரா குங்குமந்தானக்கா வச்சாக?"

"அதக்கூட அந்த மனுசன் ஏறிட்டுப் பாத்ததில்ல. இன்னைக்குப் போயி பீரோவத் திருப்பிக் கேட்டா, லைப்ரரி ஆபீசரு, 'அது காதல் சின்னம், அம்மா, தொடாதீங்க'ங்குறாரு."

"விட்டுட்டா வந்தீக?"

"அவரு போன் பேசத் திரும்புனாரு. என் நெத்தியில இருந்த பச்சப் பொட்டப் பிச்சு, அந்தச் செவப்புக்குப் பக்கத்துல ஒட்டிட்டு வாரேன். மாமனாருக்குச் சின்ன வீடும் இருந்துச்சுன்னு அடுத்தவ எழுதட்டும்."