நான்கு டிகிரித் தண்ணீர்

நான் குரலை உயர்த்திப் பேசுகிறவள் இல்லை, ஐயா. தொழிற்சாலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உருக்குத் தகடுகளைச் சோதிப்பது என் வேலை. விரல் நீளத்துக்குத் துண்டு வெட்டி, குளிரவைத்து, எந்திரச் சுத்தியலால் ஒரே அடி. ஒரே தகடுதான், ஒரே குளிர்தான். ஆனாலும் ஒன்று வளைந்து கொடுக்கும், அடுத்தது கண்ணாடியாகத் தெறிக்கும். எது தெறிக்கும் என்று சொல்ல முடியாது. நூற்றில் எத்தனை என்று சொல்லலாம். அதற்கு நான் ஒரு கணக்கு எழுதினேன். பதினோரு வருஷ உழைப்பு.

தகடு பெரிதானால், அதற்குள் எங்காவது ஒரு பலவீனமான இடம் ஒளிந்திருக்கும் வாய்ப்பும் கூடும். அந்தத் தகடுகளால் நாங்கள் செய்யும் தொட்டியில் நான்கு டிகிரித் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றினால், அது உடைய நூற்றில் ஏழு வாய்ப்பு என்று வந்தது. தலைமைப் பொறியாளர் சிரித்தார்.

"துண்டு துணுக்கை உடைச்சுட்டு ஜோசியம் சொல்றீங்களேம்மா. பெரிசா ஒண்ணு உடையட்டும், அப்புறம் நம்பறேன்."

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

தண்ணீரைச் சூடாக்கிய பிறகே சோதிக்க வேண்டும் என்பது விதி. விலக்கு எழுதும் அதிகாரம் எனக்கு உண்டு. 'சூடாக்கத் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தொட்டியருகே நின்று கசிவு பார்க்கிறவன் என் கொழுந்தன். அவனையாவது விலக்கியிருக்கலாமே என்கிறீர்கள். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினாள் என்று நாலு பேர் பேசமாட்டார்களா?

"அண்ணி, கை விறைச்சுப்போச்சு. கொஞ்சம் வெந்நீர் விட்டா கம்பெனி குடியா முழுகிடும்?"

"சோதனை தொட்டிக்குத்தான் தம்பி, உனக்கில்ல."

"நல்லவேளை. எனக்கு வெச்சா ஃபெயில்தான்."

சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினான். நான் இரண்டு சுவர் தள்ளி, கருவி அறையில் உட்கார்ந்துகொண்டேன். விரிசலின் வேகத்தை அளக்கும் கருவிகளை முன்பே தகட்டில் ஒட்டியிருந்தேன்.

நூற்றில் ஏழுதானே, ஐயா. மீதித் தொண்ணூற்று மூன்றில் அவன் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவான்.

திரும்பவும் செய்தான். பதின்மூன்று தொட்டிகள், பதின்மூன்று குளிர்ந்த காலைகள். பத்துக்குள் ஒன்று உடையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று போட்டிருந்தேன், பதினான்குவரை இழுத்துவிட்டது. அளவுகள் எல்லாம் சுத்தமாகப் பதிவாகியிருக்கின்றன.

கொன்றேன் என்று எழுதாதீர்கள், ஐயா. உடையும்வரை காத்திருந்தேன் என்று எழுதுங்கள்.