ஆடத் தோணுற ஆல்பமா இது?

என்ன சொன்ன நீ? இப்ப மாடிப்படி ஏறும்போது, போன்ல... ஒட்டுக் கேக்கல கண்ணு, கதவு தொறந்து கெடந்துச்சு, தானா காதுல விழுந்துச்சு. கொர்தெலெஸோட புது ஆல்பத்தப் போட்டா பாத்திரம் கழுவும்போதே ஆடத் தோணுதுன்னு சொன்னேல்ல? ஆடத் தோணுதாம்ல. உள்ள வா. ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ.

கேஸ் வண்டியா? வரும் வரும், சிலிண்டரத் தட்டிக்கிட்டே வருவான், இந்த மலை முழுக்கக் கேக்கும். நீ உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. ஜன்னலோரம் என் எடம். படில யாரு போறா வர்றான்னு பாக்கறதுக்காக ஒண்ணும் உக்காரல, வெளிச்சம் நல்லாருக்கும், அவ்ளோதான்.

நீ மேல்வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாசம் இருக்குமா? அப்ப என்னைப் பத்தி யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. நெலிதா யாருன்னு கேட்டா இந்த வால்பரைசோ ஊருல எந்த மலையிலயும் சொல்லுவாங்க. லோஸ் கொர்தெலெஸுக்கு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சதே நாங்கதான், நானும் கிரிசெல்தாவும். அந்தப் பேரப் பாத்துச் சிரிச்சவங்க எத்தனை பேர் தெரியுமா? துணி காயப்போடுற கயிறுன்னு ஒரு பாட்டுக் குழுவுக்குப் பேரு வைப்பாங்களான்னு. வச்சாங்க. எலெக்ட்ரிக் கிதாரையும் மலைக்காரங்க சரங்கோவையும் ஒண்ணா ஒரு மேடையில ஏத்துனாங்க. முழங்கை நீளம்தான் இருக்கும் அந்த வாத்தியம், ஃபவுஸ்தோ கையில குருவி மாதிரி கத்தும். இஸ்மேனியா பாட ஆரம்பிச்சா துறைமுகத்துல கப்பல்காரன் திரும்பிப் பாப்பான். அப்பேர்ப்பட்ட குரல்.

இப்பக் கேட்டியா நீ அந்தக் குரல? ஆம்பளைக் குரலாயிடுச்சு. பொய் சொல்லல கண்ணு. கல்லறைல வேலை பாக்கறவன் சளி பிடிச்சுப் பாடுற மாதிரி இருக்கு. சிகரெட்டு, வேற என்ன. இல்லாட்டி அந்த ரெண்டாவது புருஷன். சரங்கோவ எடுத்துக்க, குருவி போயி எருமை வந்துடுச்சு. பொம்போ மேளம் இருக்கே, யாரோ ராத்திரி திருட்டுத்தனமா ஃப்ரிட்ஜத் தொறந்து மூடுற மாதிரி... டும்... அடுத்ததுக்குள்ள ஒரு டீ குடிச்சுடலாம்... டும்.

டீ குடிக்கிறியா? குடிப்ப. ரொட்டி இருக்கு, அவகாடோ மசிச்சு வச்சிருக்கேன். எவரிஸ்தோ பேக்கரி ரொட்டி இல்ல, கீழ சூப்பர் மார்க்கெட் ரொட்டி. எவரிஸ்தோ கடைப் பக்கம் நான் போறதில்ல இப்ப. ஏன்னு கேக்கிறியா?

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மன்றம் அங்கதான் கூடும், அடுப்புக்குப் பின்னால. இந்த ஆல்பம் வந்ததும் ஆளாளுக்கு அபிப்பிராயம். எவரிஸ்தோ சொல்றான், இதப் போட்டா மாவு சீக்கிரம் பொங்குதாம். பல் டாக்டரம்மா சொல்றா, இவங்க மொத ஆல்பத்தோட செத்துட்டாங்க, மிச்சமெல்லாம் பேய்னு. அவ எல்லா ஆல்பத்துக்கும் அதையேதான் சொல்லுவா, ஆனா எல்லாத்தையும் மொத நாளே வாங்கிடுவா. பஸ் ஓட்டுற ஒருத்தன், இதக் கேட்டு வேகமா ஓட்டிட்டேன், அபராதம் போட்டுட்டாங்கன்னான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். நீங்கல்லாம் என்னத்தக் கேட்டீங்கன்னு எந்திரிச்சேன். அரைமணி நேரம் பேசினேன். இது சாவப் பத்தின ஆல்பம், நம்ம வயசப் பத்தின ஆல்பம், நத்தை நகர்ற மாதிரி நகருது, அதுல தப்பில்ல, ஆனா நமக்குக் கொர்தெலெஸ் வேணும், சவ ஊர்வலம் வேணாம்னு. ஒரு காலேஜ் பையன் கண்ணத் தொடைச்சுக்கிட்டான். இந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்ல, இனிமே அந்த ஆல்பத்த வேற மாதிரி கேப்பேன்னான். அவன் ஒருத்தன்தான் மனுஷன்.

அப்புறம் கிரிசெல்தா வாயத் தொறந்தா. என் பையனுக்கு ஞானத்தாய் அவ, அந்த ஒறவுல ஒருத்திய ஒருத்தி கொமாத்ரேன்னுதான் கூப்பிட்டுக்குவோம். ஸ்கூல்ல ஒரே பெஞ்சு. கொர்தெலெஸ் கச்சேரி ஒண்ணக்கூட நாங்க விட்டதில்ல, பிரசவமாகி ஒரு வாரத்துல கூட அவ என்னைத் தூக்கிட்டுப் போனா. அவ சொல்றா, "கொமாத்ரே, இவங்க பண்ணதுலயே சந்தோஷமான ஆல்பம் இதுதான். நான் பேரனோட போன்ல கேக்கிறேன், கால் நிக்க மாட்டேங்குது." அத்தன பேர் முன்னாடி. எனக்கு நாக்கு நிக்கல. கேட்டுட்டேன். "காது மிஷின்ல பேட்டரி தீந்துடுச்சா கொமாத்ரே?"

அவ காது மிஷின் வச்சிருக்கா. முடியாலேயே மறைச்சு வச்சிருப்பா, எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

கையில இருந்த ரொட்டிய மேசையில வச்சுட்டுப் போயிட்டா. கத்தியிருந்தாக் கூடப் பரவால்ல. மறுநாள் என் பாத்திரத்தத் திருப்பி அனுப்பினா, வெறும் பாத்திரம். இத்தன வருஷத்துல எங்களுக்குள்ள பாத்திரம் வெறுமையாப் போனதுமில்ல, வந்ததுமில்ல. ஒரு எலுமிச்சம்பழமாவது உருளும்.

இன்னிக்குக் கச்சேரி, தெரியும்ல? துறைமுக மைதானத்துல, பொழுது சாயறதுக்குள்ள. ரெண்டு டிக்கெட்டும் அவகிட்ட இருக்கு. நான் போகல. பக்கத்துல அவ இல்லாம நான் என்ன கேக்கறது... இல்ல, ஆல்பம் சரியில்லன்னுதான் போகல. நீ வேற மாதிரி எடுத்துக்காத. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் வெள்ளைக் கைக்குட்டைய எடுத்து ஆட்டுவாங்க, நம்ம குவேக்கா நடனம் ஆடற மாதிரி. எங்க ரெண்டு பேரோடதும் ஒரே படுக்கை விரிப்புல வெட்டுனது. என்னுத எரிச்சுட்டேன்னு, இந்தப் படில போன எவரிஸ்தோகிட்ட சொல்லி அனுப்பிருக்கேன்.

போன்லயா, நான் பாட்டு கேக்கறதா? சீ. என் மகன் ஒண்ணு வாங்கிக் குடுத்தான், கடிகாரம் மாதிரி வச்சிருக்கேன். பாட்டுன்னா இசைத்தட்டுல கேக்கணும், ஊசி உரசணும். ரேடியோக்காரன் இந்த ஆல்பம் பேரச் சொன்னாலே டக்குனு அணைச்சுடுவேன். நல்ல காது கெட்டுப்போயிடும்.

இதோ பாரு, இதான். அட்டை நல்லாத்தான் இருக்கு, ஜன்னல், துணி, கடல். ஆனா அநியாயத்தப் பாரு, ரெண்டு பெரிய தட்டு. ஒரு பக்கத்துக்கு மூணே பாட்டு! பழசெல்லாம் ஒரு தட்டுல ஆறு ஆறு பாட்டு அடைச்சுத் தருவாங்க. அடிக்கடி எந்திரிச்சுத் திருப்பிப் போடணும், என் முட்டிக்கு ஆகுமா?

போடறேன், கேளு. நீயே சொல்லு, இதுக்கு ஆடத் தோணுதான்னு. ம்... கேட்டியா? இஸ்மேனியா. பாவம். இந்த வேகத்துல அவ மூச்சு விடறதே பெருசு. கேக்கக் கேக்க எனக்கே எங்கயோ வலிக்குது.

ஏன் தலையச் சாச்சுக்கிட்டுத் தட்டையே பாக்கிற? சுத்தறதப் பாத்தா மயக்கம் வரும். ரொட்டியச் சாப்பிடு. நடு வட்டத்துல பொடி எழுத்து, அதையெல்லாம் எவன் படிப்பான், அச்சடிச்ச கம்பெனி வெலாசமா இருக்கும். ஏ பொண்ணே, அந்தக் குமிழ எதுக்குத் தொடற? அது எத்தனையோ வருஷமா அதே எடத்துல கெடக்கு, திருகாத, ஒடைஞ்சுட்டா...

...

இது... இஸ்மேனியா.

கொஞ்சம் பேசாம இரு.

குருவி. ஃபவுஸ்தோ குருவிதான் இது. என்ன பண்ணுன நீ? நாப்பத்தஞ்சுல வச்சியா? பெரிய தட்டுன்னா நிமிஷத்துக்கு முப்பத்தி மூணு சுத்து, சின்னத் தட்டுன்னா நாப்பத்தஞ்சு. எங்க காலத்துல குழந்தைக்குக் கூடத் தெரியும். பெரிய தட்ட யாரு நாப்பத்தஞ்சுல அச்சடிப்பா? சத்தம் நல்லா வரும்னா? அதான் மூணு மூணு பாட்டா... அட கடவுளே. வட்டத்துல போட்டிருக்கா? கண்ணாடியக் குடு. நாப்பத்தஞ்சு. போட்டிருக்கு.

அந்தக் காலேஜ் பையன் அழுதானே கண்ணு.

சிரிக்காத. சரி, சிரி. நானும் சிரிக்கிறேன், ஆனா வெளிய சொல்லிடாத. மிஷின் பழுதுன்னு சொல்லிக்கலாம். நீ வந்து சரி பண்ணுனன்னு... இல்ல, வேணாம். பல் டாக்டரம்மா ஆயுசுக்கும் விட மாட்டா. எவரிஸ்தோ ரொட்டி விக்கும்போதெல்லாம் எத்தனை வேகத்துல வேணும்னு கேப்பான்.

கேக்கட்டும்.

மணி என்ன? பச்சைக் கோட்டு ஒண்ணு படில எறங்குதே, கிரிசெல்தாதானே? தனியாத்தான் போறா. மலையில ஏறி எறங்குற அந்த அசென்சோர் பெட்டி வந்து நின்னுச்சுன்னா ஏறிப் போயிடுவா. ஜன்னலத் தொற, கொக்கி மேல இருக்கு, நல்லா இழு. சத்தத்தக் கூட்டு. இன்னும். முழுசா. இன்னும் இருக்குல்ல, வை. எதுத்த வீட்டுக்காரன் கெடக்கான்.

அந்த அலமாரில மொத இழுப்பறை. வெள்ளையா மடிச்சு... எரிச்சுட்டேன்னா? வாய்க்கு வந்ததச் சொன்னா அத எல்லாம் நம்புவியா? குடு.

தள்ளிக்க.

நின்னுட்டா. மேல பாக்கிறா. பாரு, பாரு, மொறைக்கிறா. கொமாத்ரே! உன் காது சரி, என் மிஷின்தான் தப்பு! கேக்கலியா... காதுகிட்டக் கையக் கொண்டு போறா. மிஷினக் கழட்டறா பாவி, எனக்குக் காட்டி வேற கழட்டறா. கைப்பையில போட்டு மூடிட்டா.

சரி. எனக்கு வேண்டியதுதான்.

கேஸ் வண்டியா அது? போகட்டும் விடு, உன் சிலிண்டர நாளைக்கு வாங்கிக்கலாம், என் அடுப்புல சமைச்சுக்க. கைக்குட்டைய ஆட்டற இந்தக் கைய நான் எறக்கப் போறதில்ல. இரு... மறுபடி பையத் தொறக்கிறா. என்னத்தயோ தேடறா. பெட்டி வந்து நின்னுடுச்சு, அவ ஏறல. எடுத்துட்டா. தலைக்கு மேல தூக்கிட்டா. வெள்ளை.

நடுப் படில நின்னு ஆடறா.