டோக்கன் 417

மத்தியானம் ஒன்று பத்து. ராத்திரி இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மத்தியானம். மே மாசம், கத்திரி வெயில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் பின்பக்கமாகப் போகிறதே, அந்த ரோடு. லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுகிற நேரம். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை... ஒரே ஒரு டிவிஎஸ் பிப்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதில் தௌஹீத்.

தௌஹீத் யார் என்றால், நம் அப்ஸானாவின் அண்ணன். கம்பெனியில் என் லைனில் இருந்தாளே, போன மாசம் கல்யாணம் ஆகி வேலையை விட்டுப் போனாளே, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். பழவேற்காட்டுக்காரர்கள். அவள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சொன்னது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து இந்த ஹாஸ்டலில் அவரவர் கட்டிலுக்குப் போய்விடலாம். கரண்ட் வருகிறவரை உட்காரப் போகிறவர்கள் மட்டும் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்காருங்கள். செண்பகம், என் கையை விடு. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் நகம் குத்துகிறது.

நாலு வருஷம் முன்னால் நடந்தது. தௌஹீத் அப்போது பொன்னேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். அவனைக் கூப்பிட்டது, பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடுகிற ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். அங்கே கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ் என்று ஒரு ரூம். சுவரில் சின்னப் பெட்டி. வேலைக்கு வருகிற ஆள் தன் டோக்கன் கார்டை அதில் தேய்த்தால் ‘கீக்’ என்று சத்தம் வரும். எத்தனை மணிக்கு இன், எத்தனை மணிக்கு அவுட் என்று கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அந்தக் கம்ப்யூட்டர்தான் ஸ்லோ. காலையில் போட்டால் எழுந்திருக்கவே அரை மணி நேரம். லிஸ்ட்டைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். டைம் கீப்பர் சுப்பராயன் போன் செய்து, நாளை மறுநாள் லேபர் ஆபீசிலிருந்து ஆள் வருகிறது, இன்றைக்கே வந்து சரி செய்துவிட்டுப் போ என்று அவசரப்படுத்தியிருக்கிறார்.

கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டு சுவரின் நிழலில், ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நிழல் நகர நகர அவளும் நகர்ந்து நகர்ந்து உட்காருகிறாள். தௌஹீத் வண்டியை நிறுத்தியதும் வாட்ச்மேன் தணிகாசலம் தாழ்ந்த குரலில் எல்லாம் சொன்னார்.

அவள் பெயர் சந்திரகலா. புருஷன் தாவீது, உலையில் கான்ட்ராக்ட் ஆள், டோக்கன் நம்பர் 417. மார்ச் பதினாலாம் தேதி இரண்டு மணி ஷிப்டுக்கு என்று சோறு கட்டிக்கொண்டு கிளம்பினவன் திரும்பவே இல்லை. கேட்டால், அன்றைக்கு அவன் டியூட்டிக்கே வரவில்லை என்கிறது கம்பெனி. எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்கிறது. அன்றைய ஷிப்டில் இருந்த வடநாட்டுப் பையன்களை மறுநாளே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஊரே பேசுகிறது... அந்த உலைக்குள் ஒரு ஆள் விழுந்தால், எடுத்துப் புதைக்க ஒரு எலும்புகூட மிஞ்சாது.

அப்படியானால் அவன் உள்ளே போனதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கம்ப்யூட்டர். அன்றைக்கு 417-க்கு ஒரு இன் இருந்தால் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும். இல்லையென்றால் அவள் புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போன பொம்பளை, அவ்வளவுதான். அவள் கேட்கும்போதெல்லாம் சுப்பராயன், கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது, லிஸ்ட் திறக்க மாட்டேன் என்கிறது, ரிப்பேர் ஆனதும் பார்த்துச் சொல்கிறேன் என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் ஐம்பது நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தௌஹீத் டூல்ஸ் பையை எடுத்ததைப் பார்த்து அவள் எழுந்து வந்தாள்.

“கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வந்துகீறீங்களா பாய்? கொஞ்சம் நல்லா பாத்து பண்ணுங்க. அதுல தான் எங்க ஊட்டுக்காரரு கீறாரு.”

தௌஹீத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே ஒரே அமைதி. உலைக்குள் செங்கல் மாற்றுகிற வேலை என்று ஆறு நாளாக நெருப்பையே அணைத்து வைத்திருந்தார்கள். சுப்பராயன் ரூமைத் திறந்துவிட்டு, ஸ்லோவை மட்டும் சரி செய், லிஸ்ட் எதையும் நோண்டாதே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தௌஹீத் தனியாள். மேலே ஒரு பேன்... கிர்க்... கிர்க்... என்று.

முதலில் வைரஸ் பார்த்தான். இல்லை. மூடியைக் கழற்றித் தூசி தட்டினான், உள்ளே இருக்கிற கேபிளை மாற்றிப் போட்டான். அதே ஸ்லோ. அப்படியானால் ஹார்ட் டிஸ்க்தான். அவனிடம் ஒரு பழக்கம், ஸ்க்ரூ டிரைவரின் முனையை டிஸ்க்கின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பான். நல்ல டிஸ்க் என்றால் ஒரே சீராக ரீங்காரம் போடும். கெட்டுப்போனது என்றால் டக், டக், டக் என்று கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் தட்டும். ஆயிரம் டிஸ்க் கேட்டவன் அவன்.

இது அப்படித் தட்டவில்லை. மூன்று தட்டு... அப்புறம் சும்மா இருக்கும். மறுபடி மூன்று தட்டு... சும்மா இருக்கும். கதவைத் தட்டிவிட்டு யாராவது திறக்கிறார்களா என்று காத்திருப்போமே, அப்படி.

தௌஹீத்துக்கு விளையாட்டுப் புத்தி. ஸ்க்ரூ டிரைவரால் அவனும் பெட்டியை இரண்டு தட்டு தட்டினான். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

நான்கு தட்டினான். நான்கு வந்தது. அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

எழுந்து ஓடியிருக்கலாம். நான் என்றால் ஓடியிருப்பேன். ஆனால் தொழில்காரனுக்குத் தொழில் புத்தி, இல்லையா? மெஷின் என்றால் ஆயிரம் சத்தம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிளாப்பியைப் போட்டு டிஸ்க்கைச் சோதிக்கிற புரோகிராமை ஓடவிட்டான். அது டிஸ்க்கை ஒவ்வொரு இடமாகப் படித்துக்கொண்டே போகும். படிக்க முடியாத இடம் வந்தால் நின்று கேட்கும், மறுபடி படிக்கவா, இல்லை கெட்டுப்போன இடம் என்று குறித்து ஒதுக்கிவிடவா என்று. இந்த சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்களே, யாருமே மறுபடி படி என்று சொல்ல மாட்டார்களாம். கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கு என்று தட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் இருந்தது போய்விடும், ஆனால் கம்ப்யூட்டர் வேகமாகிவிடும். கஸ்டமருக்கு வேகம்தானே வேண்டும். தௌஹீத்தும் தினம் அப்படித்தான்.

அறுபத்தொன்று பர்சன்ட்டில் நின்றது. பைல் பெயரைப் பார்த்தான். மார்ச் மாசத்து அட்டெண்டன்ஸ்.

வெளியே உட்கார்ந்திருக்கிறவளின் முகம் ஞாபகம் வந்தது. அதனால் அன்றைக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மறுபடி படி என்று தட்டினான்.

டிஸ்க் தட்டியது. திரையின் அடியில், அந்த இடத்தில் படிக்க முடிந்த எழுத்து மட்டும் வந்தது. 4... அப்புறம் வெறும் கட்டம் கட்டமாக. மறுபடி தட்டினான். 4... 1... மூன்றாவது தடவை 417 என்று முழுசாக வந்தது. சுவரில் இருந்த பெட்டி ‘கீக்’ என்றது.

ரூமில் வேறு யாரும் இல்லை. அவன் எழுந்து போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். ஒயர் அவன் கையில் தொங்குகிறது...

கீக்.

ஒயரை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். நான்காவது தடவை தட்டினான். பெயர் வந்தது. மார்ச் 14. இன் 13.52. அவுட் என்று போட்டிருந்த இடம் காலி. இன்னும் ஒரே ஒரு தடவை தட்டியிருந்தால் அந்த வரி முழுசாகப் படிக்கப்பட்டு வேறு இடத்தில் பத்திரமாக ஏறியிருக்கும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். விரலும் அந்தக் கீயின் மேல்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த நாற்றம். காய்ச்சிய இரும்பு நாற்றம்... அதோடு கோழி பொசுக்குவார்களே, அந்த நாற்றம். ஆறு நாளாக நெருப்பே இல்லாத இடத்தில். டிஸ்க் தட்டுகிற சத்தம் இப்போது ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே கேட்கிறது. மேஜை ஆடுகிறது. பிடரிக்கு அருகே சூடான காற்று. அடுப்புக்குள் முகத்தை நீட்டினால் அடிக்குமே, அந்தச் சூடு. அது வருகிறது... நிற்கிறது... வருகிறது... நிற்கிறது. யாரோ அவன் தோளுக்கு மேல் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடுகிறார்கள்.

தௌஹீத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். வாயில் கலிமா வரவில்லை. இது நின்றால் போதும், இது மட்டும் நின்றால் போதும் என்று பக்கத்துக் கீயைத் தட்டிவிட்டான்.

ஒதுக்கு.

எல்லாம் நின்றுவிட்டது. நாற்றம் இல்லை, சூடு இல்லை. டிஸ்க் அருமையாக ரீங்காரம் போடுகிறது. பேன் மட்டும் கிர்க், கிர்க் என்று சுற்றுகிறது.

சுப்பராயன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரைப் போட்டார். ஒரே நிமிஷத்தில் எழுந்துவிட்டது. மனுஷனுக்கு ஏக சந்தோஷம். மார்ச் பதினாலு லிஸ்ட்டை அவரே திறந்தார். தட்டியதும் வந்து விழுந்தது. 416. அதற்கு அடுத்து 418. அவரே வாசலுக்குப் போய் சந்திரகலாவை உள்ளே கூப்பிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி, நீயே பார்த்துக்கொள் என்றார்.

அவள் கண்ணாடியின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு நம்பராக இறங்கி வந்தாள். 416. 418. மறுபடி மேலே போய் இன்னொரு தடவை இறங்கினாள். அப்புறம் சுப்பராயனை விட்டுவிட்டு தௌஹீத்தைப் பார்த்தாள்.

“நீங்க பாத்தீங்களா பாய்?”

சுப்பராயன் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்துத்தான் தன் அண்ணன் பாதியாகிப் போனான் என்று அப்ஸானா சொல்வாள். பயமா, வெட்கமா, அந்தக் கம்பெனி வேலை போய்விடும் என்பதா, அவனுக்கே தெரியவில்லை.

“இல்லமா,” என்றான்.

அவள் பிளாஸ்டிக் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஐம்பது நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தச் சுவரோரம் காலியாக இருந்ததாம்.

தௌஹீத் வீட்டுக்கு வந்து படுத்தவன்தான், மூன்று நாள் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. உம்மா தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓதி, தாயத்துக் கட்டினாள். இவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரியில் மட்டும் எழுந்து உட்கார்ந்து, பொய் சொல்லிட்டேன், பொய் சொல்லிட்டேன் என்பானாம். அப்ஸானாதான் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஒவ்வொன்றாக அவனிடமிருந்து வாங்கியிருக்கிறாள். வாங்கிவிட்டு அவள்தான் சொன்னாள், நீ போய் அந்தப் பொம்பளையிடம் உண்மையைச் சொல்லு, அதைத் தவிர வேறு மருந்து இதற்கு இல்லை என்று.

நான்காவது நாள் காலையில் ஒரு பேப்பரில் எல்லாவற்றையும் எழுதினான். மார்ச் பதினாலாம் தேதி 13.52-க்கு தாவீது உள்ளே போனதற்கான பதிவை என் கண்ணால் பார்த்தேன், அதை அழித்தது நான்தான், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பேப்பரை வைத்துத்தான் கேஸ் போட்டார்கள், இன்னும் நடக்கிறது. ஜெயித்தாளா தோற்றாளா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் வக்கீல் இல்லை.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் காலனியில் ஒற்றை ரூம் வீடு. வாசலில் உட்கார்ந்து சந்திரகலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நன்றாக எண்ணெய் வைத்துத் தலை வாரி, பூ வைத்திருந்தாள். தௌஹீத் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தான். நான் பார்த்தேன்மா, உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று சொல்லிப் பேப்பரை நீட்டினான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அவள் பேப்பரை வாங்கிப் படிக்கவில்லை. நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் என்று ஒன்று இல்லவே இல்லை, அதுதான் தௌஹீத்துக்குப் பிடிபடவில்லை.

“தெரியும் பாய்,” என்றாள். “நீங்க பாத்தத அவரே வந்து சொல்லிட்டாரு. நாலு நாளாச்சி அவரு வந்து. நீங்க இன்னிக்கு வருவீங்கன்னும் சொன்னாரு.”

அவள் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் திறந்திருந்த இருட்டு ரூமை எட்டிப் பார்த்தாள்.

“உள்ள தான் படுத்துகினு கீறாரு. எழுப்பட்டா?”

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டுவதற்குள், உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ காலைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கிற சத்தம்.