மணிவிழா முகம்

பூவிழி, அம்மாவுக்கு நீ அனுப்பிய பெப்டைட் சீரம் நல்ல சரக்குதான். தோலுக்குள் கொலாஜன் ஊறும், சுருக்கம் குறையும் என்று சொன்னாய். நான் சிரித்தேன். வருஷம் திரும்புவதற்குள் அவள் கண்ணோரக் கோடுகள் இளகிவிட்டன. குடவாசல் கடைத்தெருவில் பெண்கள் அவளை நிறுத்தி விசாரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் மஸ்கட் வெயிலில் கம்பி கட்டியே முகம் கருவாடாகி ஊர் வந்தவன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருக்கடையூரில் என் அறுபதாம் கல்யாணத்தன்று, மாலை மாற்றுவதற்கு முன்னால், போட்டோக்காரர் சொன்னார்: "ஐயா, பொண்ணு கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். அம்மாவ வரச் சொல்லுங்க."

நீகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "அட, நாந்தாங்க அவர் பொண்டாட்டி" என்று அம்மா வெட்கப்பட்டாள். என்னிடம் அவள் அப்படி வெட்கப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

ஊர் திரும்பி வயலுக்குக் களைக்கொல்லி அடித்தேன். கேனில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அவளுடைய சீரம் பாட்டிலில் ஊற்றினேன். கோபமெல்லாம் இல்லை. அவளும் என் வயதுக்கு வந்துவிடட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஒரு கண் போகும் என்று நினைக்கவில்லை. டாக்டர் பாட்டிலைக் கேட்டபோது, உடைந்துவிட்டது என்றேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், முகம் முழுக்கக் கட்டோடு அவள் பேசினாள். "என்னங்க, கெழவியாயிட்டேன்னு ஒருநாள் போன்ல சொன்னீங்கள்ல. அதாங்க பூசுனேன். ஆசப்பட்டதுக்குச் சாமி கூலி குடுத்துருச்சு."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், பூவிழி. அந்த அழுகை பொய்யில்லை.

ஆடியிலிருந்து நீ வீட்டுப் பக்கம் வருவதில்லை. "நான் அனுப்புனதாலதானேப்பா" என்று போனில் விம்முகிறாய். அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, கண்ணு. ஊற்றியவன் நான். போலீசில் சொல்வதானால் சொல்.

அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. களிம்பு தடவ நான்தான் வேண்டும் என்கிறாள். என் கை பட்டதும் மிச்சமிருக்கும் அந்த ஒரு கண்ணையும் நிம்மதியாக மூடிக்கொள்கிறாள். நான் ஜெயிலுக்குப் போய்விட்டால், அவள் முகத்தை இனி யாரம்மா ஆசையாகப் பார்ப்பார்கள்?