வைன் லிஸ்டுக்கு மார்க் போட வந்தவர்

விஷயத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொல்லணும்... சின்னக் கதைதான். டீ வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்.

பாண்டிச்சேரியில செலஸ்டின்னு ஒருத்தர். அவரு வேலை என்ன தெரியுமா? வைன் ருசி பார்த்து எழுதுறது. சிரிக்காதீங்க... நிஜமாவே அப்படி ஒரு வேலை இருக்கு. ஒரு சாப்பாட்டுப் பத்திரிகையில எழுதுவாரு. எந்த வைன் நல்லா இருக்கு, எந்தச் சாப்பாட்டோட எது சேரும்... நாக்குல பட்ட உடனே சொல்லிடுவாரு. நல்ல பேரு.

ஆனா ருசி பார்க்கிறது எங்க முடியுது, குடி எங்க ஆரம்பிக்குது? அதை உங்களுக்கா நான் சொல்லணும்? வேலைக்காகக் குடிச்சவரு, வேலை முடிஞ்சும் குடிச்சாரு. அப்புறம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே குடிச்சாரு. மகளோட நிச்சயதார்த்தத்துல, சம்பந்தி வீட்டாருக்கு முன்னாடி நிக்க முடியாம விழுந்தாரு... மறுநாளே நம்ம குடி மறுவாழ்வு மையம் மாதிரி ஒண்ணுல போய்ச் சேர்ந்தாரு. விட்டாரு.

விட்டது யாருக்குத் தெரியும்? வீட்டுக்குத் தெரியும். வெளியில? யாருக்கும் தெரியாது. எப்படிச் சொல்லுவாரு? ஒரு சமையல்காரர் 'நான் சாப்பாட்டை வாயில வைக்க மாட்டேன்'னு சொன்னா எவன் வேலை கொடுப்பான்?

இந்த நேரத்துல பத்திரிகை ஆசிரியர் போன் பண்றாரு. "செலஸ்டின், நல்ல வைன் லிஸ்டுக்கு இந்த வருஷம் பரிசு கொடுக்கிறோம். உங்க ஊர்ல ஒரு இத்தாலியன் ரெஸ்டாரன்ட் போட்டியில இருக்கு. போய் மார்க் போட்டுட்டு வாங்க."

வைன் லிஸ்ட்னா வேற ஒண்ணுமில்ல, மெனு கார்டு மாதிரிதான். என்னென்ன வைன் இருக்கு, எதோட எதைச் சாப்பிடலாம், எல்லாம் போட்டிருக்கும். படிச்சே மார்க் போடலாம். குடிக்கணும்னு அவசியமே இல்ல.

அவரு மனைவி ரெஜினா கேட்டாங்க... "போய்த்தான் ஆகணுமாங்க?"

"படிக்கிற வேலைதான் ரெஜினா. படிச்சிட்டு வந்துடறேன்."

"அங்க ஊத்துவாங்களே?"

அவரு செருப்பை மாட்டிக்கிட்டாரு.

போனாரு. கடைக்காரம்மா பேரு சுகந்தி. இத்தாலிக்கே போய்ச் சமையல் கத்துக்கிட்டு வந்தவங்க. இந்தப் பரிசு வந்தா கடை நிமிர்ந்துடும்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. இருக்கிறதுலயே நல்ல பாட்டிலைத் திறந்து அவங்களே ஊத்துறாங்க.

"சார், இதை ருசி பாருங்க."

"வேண்டாம் மேடம். லிஸ்ட் போதும்."

அந்தம்மா முகம் வாடிடுச்சு. நம்ம வைன் இவருக்குப் பிடிக்கலையோ... வேற பாட்டிலைத் திறந்தாங்க. "இது மலைச்சரிவுல விளைஞ்ச திராட்சை சார். ஒரே ஒரு வாய்."

"வயிறு சரியில்ல மேடம்." பொய்... சுத்தப் பொய்.

"அப்போ மோந்தாவது பாருங்க சார்." கிளாஸை மூக்குப் பக்கத்துலயே கொண்டுவந்துட்டாங்க.

வாசனை வருது... இங்க இருக்கிற பல பேருக்கு அந்த நிமிஷம் எப்படி இருக்கும்னு தெரியும். அவரே எங்கிட்ட சொன்னாரு... 'சார், கை என்னைக் கேக்காமலே போச்சு.' கிளாஸை வாங்கிட்டாரு. வாங்கி... டேபிள் மேல வெச்சாரு.

"மேடம், நான் குடிநோயாளி. சிகிச்சை எடுத்து, குடியை விட்டுட்டேன். இதுல ஒரு வாய் குடிச்சா நாளைக்கு எங்க கிடப்பேன்னு எனக்கே தெரியாது. தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

போச்சு, இனிமே இந்தம்மா ஆசிரியருக்குப் போன் போடுவாங்கன்னு நினைச்சு உக்காந்திருக்காரு. சுகந்தி என்ன பண்ணாங்க தெரியுமா? கிளாஸையும் பாட்டிலையும் அவங்க கையாலேயே எடுத்துட்டு உள்ள போனாங்க. திரும்பி வந்தாங்க. "மன்னிச்சிடுங்க சார், எனக்குத் தெரியாது. பசியோட இருக்கீங்களா? பாஸ்தா போடட்டுமா?"

அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை கேக்கல.

சாப்பிட்டுக்கிட்டே லிஸ்டைப் புரட்டுறாரு. பக்கம் பக்கமா வைன். குடிக்காதவனுக்கு? கடைசியில ஒரு வரி... தண்ணி, சோடா.

"மேடம், லிஸ்ட் ரொம்ப நல்லா இருக்கு. நல்ல மார்க் போடுறேன். ஆனா ஒரு குறையும் எழுதுவேன். சேர்ந்து சாப்பிட வர்றவங்கள்ல குடிக்காத ஒருத்தன் இருப்பான். அவனுக்கு இதுல என்ன இருக்கு?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்."

"கேக்க மாட்டான் மேடம். கூச்சப்படுவான். நானே வயிறு சரியில்லன்னுதானே சொன்னேன்?"

பரிசு கிடைச்சுதா? இல்ல. கோவாவுல ஒரு ஹோட்டலுக்குப் போயிடுச்சு. செலஸ்டின் ஆசிரியர்கிட்டயும் உண்மையைச் சொன்னாரு. அவரு எழுதிக்கிட்டிருந்த பக்கத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க. வலிக்காம இருக்குமா? ரொம்ப வலிச்சுது. கொஞ்ச காலம் வீட்டுலயே இருந்தாரு.

அப்புறம் ஒருநாள் சுகந்தி போன் பண்றாங்க. "சார், கம்பத்துலேர்ந்து பன்னீர் திராட்சை வாங்கி ஜூஸ் பண்ணியிருக்கேன். நன்னாரியில ஒண்ணு, எலுமிச்சையும் துளசியும் போட்டு ஒண்ணு. குடிக்காதவங்களுக்குன்னு தனியா ஒரு பக்கம் போடப்போறேன். எந்தச் சாப்பாட்டோட எது சேரும்னு நீங்கதான் சொல்லணும். சும்மா கூப்பிடல சார், வேலைக்குத்தான் கூப்பிடுறேன்."

குடி போச்சே தவிர, நாக்கு எங்கயும் போகலியே... இன்னைக்கு இதே மாதிரி பக்கம் போட்டுக் கொடுக்க ஊர் ஊரா ரெஸ்டாரன்ட்காரங்க அவரைக் கூப்பிடுறாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்? இந்த வாரம் உங்கள்ல சில பேர் வீட்டுக்குப் போறீங்க. கல்யாணம் வரும், காதுகுத்து வரும். ஒருத்தன் தோள்ல கை போட்டு, 'மாப்ள, ஒரே ஒரு ரவுண்டு'ம்பான். அப்போ வயிறு சரியில்லன்னு சொல்லாதீங்க. வயிறு நாளைக்குச் சரியாயிடும்... அவன் நாளைக்கும் வருவான். 'நான் விட்டுட்டேன்'னு சொல்லுங்க. சொன்னா சிலது போகும். செலஸ்டினுக்கும் போச்சு, நான் மறைக்கல. ஆனா அவரு வாயைத் திறந்து சொன்னதுக்கப்புறம்தானே அந்தம்மா பாட்டிலை எடுத்துட்டுப் போய்ச் சோறு போட்டாங்க? உங்களுக்கு நல்லது செய்ய நினைக்கிறவங்களுக்கு, உங்களுக்கு எது ஆகாதுன்னு தெரிய வேண்டாமா?

வீட்டுக்காரங்களுக்கும் சொல்றேன்... அவங்க அதைச் சொல்லும்போது பக்கத்துல நில்லுங்க. தலை குனியாதீங்க.

இப்போ எல்லாரும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க. நான் விட்டுட்டேன்... அந்தக் கடைசி வரிசை, எனக்குக் கேக்கல... ம். இப்போ கேக்குது.