டாலாவிலிருந்து வந்த இடது கால்

பயிற்சி ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், மா ராதா. இல்லாவிட்டால் பந்து தெரியாது. நான் உட்காருவது எப்போதும் பசுந்தாங் ஓடைக்கரை மைதானத்தின் மேற்குச் சுவர்மேல்தான். கடையை என் வீட்டுக்காரி சஜிதாவிடம் விட்டுவிட்டு மாலையில் போய்விடுவேன். குடை விற்கிறவனுக்கு மழை நின்றபிறகு வேறு என்ன வேலை?

உங்கள் தம்பிக்கு இருதயக் கோளாறு என்று முதலில் கிளப்பிவிட்டது யார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு என்மேல் கோபம் வராது.

போன வருடம் மழை ஓய்ந்ததும் எங்கள் அணி மூன்று புது ஆட்களை எடுத்தது. புது ஆட்கள் வருகிறார்கள் என்றால் எனக்கு முந்தின நாளே சோறு இறங்காது. முதலில் கோல்கீப்பர். ஷ்வேப்யிதாவில் சட்டை தைக்கிற ஆலையில் இருந்தவன், தென்னை உயரம். பந்து வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வான். அடுத்தவன் பின்வரிசை ஆட்டக்காரன். கமிட்டியில் யாருக்கோ மருமகன் என்றார்கள். பந்தைத் தலையால் முட்டச் சொன்னால் முடி கலைந்துவிடும் என்று ஒதுங்குவான். சுவர்மேல் இருந்த நாங்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

மூன்றாவதாக உங்கள் தம்பி கார்த்திகேசன் வந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் சைக்கா ரிக்‌ஷா மிதித்த தொடை. கடன் வாங்கிய பூட்ஸ். மைதானத்தின் ஓரத்திலிருந்து இடது காலால் ஒரு பந்தைத் தூக்கினான். அது வளைந்து போய், கண்ணை மூடியிருந்த கோல்கீப்பரின் காதை உரசிக்கொண்டு உள்ளே விழுந்தது. பக்கத்தில் இருந்த அய்யூப் எழுந்து நின்று கத்தினான். நான் கத்தவில்லை. இவனை நம்மிடம் விட்டுவைக்க மாட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நினைத்தபடியே ஆயிற்று. வடக்குப் பக்கத்துப் பெரிய அணி, சொந்த பஸ் வைத்திருப்பவர்கள், நல்ல ஆட்டக்காரனைப் பார்த்து இழுத்துப்போக ஊ சோ தெய்ன் என்ற ஆளை அனுப்பினார்கள். நல்ல மனிதர். என் கடை வாசலில் நின்று மைதானத்துக்கு வழி கேட்டார். பாலத்தைத் தாண்டி தாக்கேத்தா பக்கம் போகச் சொன்னேன். அங்கேயும் ஒரு மைதானம் இருக்கத்தான் செய்கிறது.

மறுபடி வந்தார். அன்று உங்கள் தம்பியை மதியமே வீட்டுக்கு அழைத்து டம்பவ் பிரியாணி போட்டேன். சஜிதா கை தாராளம். “போதும் பாய், சாயந்தரம் ஆட்டம் இருக்கு” என்றான். “ஆடுற உடம்புக்குத்தானேடா தம்பி தின்னணும்” என்று இன்னொரு கரண்டி வைத்தேன். மேலே ஃபலூடா. அன்றைக்குப் பந்து தன்னிடம் வந்தால் போதும் என்று நின்ற இடத்திலேயே நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குக் கெடுதல் ஒன்றுமில்லையே, வயிறு நிறைய ஒரு வேளைச் சாப்பாடுதானே.

ஊ சோ தெய்ன் சலிக்காத ஆள். மூன்றாம் முறை வந்து சுவர்மேல் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“அந்த இடது கால் பையன் எப்படி?” என்று கேட்டார்.

“அவனைப்போல ஆள் கிடையாது. ஆண்டவன் ஆயுளை மட்டும் கொடுக்கணும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஏன், உடம்புக்கு என்ன?”

“ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று சொல்லி, நெஞ்சை லேசாகத் தடவிக்கொண்டேன். என் நெஞ்சைத்தான். அவன் நெஞ்சைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஐந்து வேளை தொழுகிறவன், மா ராதா, பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ஊ சோ தெய்ன் எழுந்து போனார், பிறகு வரவில்லை. எல்லாம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் போகிற போக்கில் அவர் எங்கள் பயிற்சியாளர் சயாவிடம் ஏதோ கேட்டிருக்கிறார். சயா பயந்து, பாதி ஆட்டத்திலேயே கார்த்திகேசனை வெளியே எடுக்க ஆரம்பித்தார். ஆட்டக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். கடைசியில் அவன் என்னிடமே ஓடி வந்தான்.

“பாய், எனக்கு நெஞ்சுல கோளாறுன்னு சொல்றாங்களே, நிஜமா?”

“கையை வச்சுப் பாரு. அடிக்குதா?”

“அடிக்குது.”

“ரொம்ப அடிக்குதா?”

“ஓடி வந்தேன்ல, பாய்.”

“அதான் கேட்டேன்” என்றேன்.

இல்லையடா தம்பி, அதெல்லாம் சும்மா என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வாரம்தான் மண்டலே அணிக்கு ஆட்டக்காரர்களைப் பிடிக்க அங்கிருந்து இன்னொரு ஆள் வந்து இறங்கியிருந்தான்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆட்டத்தை விட்டான். சைக்காவை விட்டான். படகுத்துறைப் படியில் இரண்டு படிக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான் என்று கேள்விப்பட்டேன். ஜெயம்மா மகளை அவனுக்குப் பேசி முடித்திருந்தீர்கள். ஒரு பெண்ணைச் சின்ன வயதிலேயே தாலி அறுக்கவைக்க மாட்டேன் என்று அவனே போய்ச் சொல்லிவிட்டானாம். அதைக் கேட்டபோது என் மனசு என்னவோ செய்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு படகேறிப் பார்க்க வந்தேனே, நினைவிருக்கும். பழத்தை உரித்து அவன் வாயில் ஊட்டிவிட்டேன். “உங்களை மாதிரி ஒரு மனுஷர் கூடப்பிறந்திருந்தா நல்லாயிருக்கும், பாய்” என்று அழுதான். நானும் அழுதேன். அவன் இல்லாமல் அந்த வருடம் எங்கள் அணி ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள்.

இப்போது பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டீர்கள். குதிரை இருதயம், ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். நல்ல செய்தி. கார்த்திகேசன்தான் நம்ப மறுக்கிறான். டாக்டர் மறைக்கிறார், ஜுல்ஃபிகர் பாய் மட்டும் என்கிட்ட மறைக்க மாட்டார், அவர் வாயால் சொன்னால்தான் எழுந்து நடப்பேன் என்கிறான். அதற்காகத்தான் நீங்கள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, வெயிலில் ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். அப்படி ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறான் என்மேல்.

ஆமாம், நான்தான் செய்தேன். எல்லாம் நான்தான். அவனை எவ்வளவு நேசித்திருந்தால் ஒருவன் இத்தனை பாடுபடுவான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவனிடம் வந்து சொல்லுங்கள் என்கிறீர்கள். கட்டாயம் சொல்கிறேன், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

இன்றைக்கு மட்டும் வேண்டாம். எல்லா அணிகளும் ஆள் எடுக்கிற கெடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இப்போதே அவன் எழுந்து நடந்தால், மண்டலேக்காரன் நாளைக்கே டாலாவில் வந்து நிற்பான். ஒரு வருடம் படுத்திருந்தவனுக்கு இன்னும் மூன்று வாரம் பெரிதில்லை. அதுவரைக்கும் டாக்டர் சொன்னதை நீங்களும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.